காட்டு வழியும் பெருவழியும்: மைசூரிலிருந்து கொங்குக்கு இறங்கிய பாதைகள்

நம் மைசூர்த் தமிழ்க் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய ஆசை வளர்ந்து வருகிறது. முன்பெல்லாம் விடுமுறை என்றால் ஊருக்குப் போவோம், குலதெய்வம் கும்பிடுவோம், திரும்பி வருவோம். இன்றைக்குப் பிள்ளைகள் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கி வைத்துக்கொண்டு, "தார் ரோடே இல்லாத காட்டுக்குள்ள ரெண்டு நாள் ஓட்டிட்டு வரணும் மாமா, வழி சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். சந்தைப்பேட்டையில் மஞ்சளும் வெல்லமும் விற்கும் என்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்றால், சரக்குக்காக ஈரோட்டுக்கும் சத்தியமங்கலத்துக்கும் நாற்பது ஆண்டுகளாகத் திம்பம் மலைப்பாதையில் ஏறி இறங்குபவன் நான். போகிற இடத்தில் கல்வெட்டு இருக்கிறது என்றால் வண்டியை நிறுத்திவிடுவேன் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அவரவர்க்குத் தனித்தனியே சொன்ன பதிலை இந்த மலருக்காக ஒன்றாகத் தொகுத்து எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒரே செய்திதான். ஆள் நடமாட்டமே இல்லாத காடு என்று நாம் இன்று தேடிப் போகும் இடம், ஒரு காலத்தில் மைசூரையும் கொங்கு நாட்டையும் இணைத்த பெருவழி. அந்த வழியில் துறவி போனார், வணிகன் போனான், படை போயிற்று. ஒருவரும் தம் இஷ்டத்துக்குப் போகவில்லை. காலம் பார்த்து, துணை சேர்த்து, காட்டில் இருப்பவரிடம் கேட்டுத்தான் போனார்கள். இந்த வரலாறு தெரிந்தால்தான் நம் பிள்ளைகளின் பயணத் திட்டம் ஒழுங்காக அமையும்.

மூன்று இறக்கங்கள்

மைசூர் மேட்டுநிலம் தெற்கிலும் தென்கிழக்கிலும் திடீரென்று முடிந்து கீழே இறங்குகிறது. இறங்குவதற்கு மூன்று வழிகள் முக்கியமானவை.

மேற்கே குண்டலுப்பேட்டை, பந்திப்பூர், முதுமலை வழியாகக் கூடலூருக்கும் ஊட்டிக்கும் போகும் வழி. நம்மில் பெரும்பாலோர் அறிந்தது இதுதான். நடுவே நஞ்சன்கூடு, சாம்ராஜ்நகர் வழியாகப் போய் மோயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிச் சத்தியமங்கலத்துக்கு இறங்கும் வழி. இதில் பழைய இறக்கம் கஜலஹட்டிக் கணவாய். இன்றைய இறக்கம் 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதை. கிழக்கே கொள்ளேகாலத்திலிருந்து காவேரிபுரம் கணவாய் வழியாகக் காவிரிக் கரைக்கு இறங்குவது மூன்றாவது வழி.

இவற்றில் நடுவழியைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன். மைசூர்த் தமிழருக்கு அதுவே மிக நெருங்கியது. ஆனால் நம் வீடுகளில் அதன் கதை மிகக் குறைவாகவே தெரிந்திருக்கிறது.

கல்லில் இருக்கும் சாட்சி

மைசூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் சாம்ராஜ்நகர். இதன் பழைய பெயர் அரிகுடாரம். மும்மடி கிருஷ்ணராஜ உடையார் தம் தந்தை சாமராஜ உடையார் பிறந்த ஊர் என்பதால் 19ஆம் நூற்றாண்டில் இப்பெயரைச் சூட்டினார். ஊருக்குள் ஒரு பார்சுவநாதர் பஸதி இருக்கிறது. அதை எழுப்பியவன் புணிசன். ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தண்டநாயகன், சமணன். கி.பி. 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு அவனுடைய வெற்றிகளைச் சொல்லும்போது, தொதவரை அச்சுறுத்தியதையும், கொங்கரை ஒடுக்கியதையும், நீலமலையை வென்றதையும் குறிப்பிடுகிறது. நீலகிரியையும் தொதவரையும் பெயர் சொல்லிக் குறிக்கும் மிகப் பழைய கல்வெட்டாக ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டுவது இதைத்தான். நீலமலையை வென்ற செய்தி ஊட்டியில் எழுதப்படவில்லை, சாம்ராஜ்நகரில் எழுதப்பட்டது என்பதைக் கவனியுங்கள். மலைக்குப் போகும் வழியின் வாசல் அந்த ஊர்தான்.

மறுமுனைக்குப் போவோம். ஈரோடு மாவட்டம் பெருந்துறைக்குப் பக்கத்தில் விஜயமங்கலம். அங்கே சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில் இருக்கிறது. பெருங்கதை பாடிய கொங்குவேளிரோடு தொடர்புடைய ஊர் என்று தமிழறிஞர் சொல்வர். அக்கோயிலில் உள்ள ஒரு நிசீதிகைக் கல்வெட்டு, சாமுண்டராயரின் தங்கை புள்ளப்பை அங்கே வடக்கிருந்து உயிர் நீத்ததைச் சொல்கிறது. சாமுண்டராயர் யார்? கங்கர்களின் அமைச்சர், கி.பி. 981 வாக்கில் சிரவணபெளகொளாவில் கோமடேசுவரரை எழுப்பியவர். அண்ணன் பெயர் கன்னட நாட்டு மலை மேல், தங்கை பெயர் கொங்கு நாட்டுக் கோயிலில். இரண்டுக்கும் நடுவில் இருப்பது, நாம் இன்று புலிகள் காப்பகம் என்று சொல்லும் இந்தக் காடுதான்.

இன்னும் பின்னே போனால், பத்திரபாகு முனிவரின் சங்கம் வடக்கிலிருந்து தெற்கே வந்த கதை. கி.பி. 931ல் ஹரிசேணர் எழுதிய பிருகத் கதாகோசம், அந்தச் சங்கம் தெற்கே புன்னாட நாட்டுக்குப் போனதாகச் சொல்கிறது. புன்னாடு என்பது கபினி ஆற்றை ஒட்டிய பகுதி. கிரேக்க நில நூலார் தாலமி, பச்சைக்கல் கிடைக்கும் இடம் என்று குறித்த பெயரும் இதுவே என்பர். விசாக முனிவர் தமிழ் நாட்டுக்கு இறங்கியதாகச் சமண மரபு சொல்கிறது. நான் வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தைச் சேர்ந்தவன். எங்கள் வீடுகளில் சிறு வயதிலேயே சொல்லிக் கொடுக்கும் கதை இது. மரபுக் கதையைக் கல்வெட்டு மாதிரி உறுதிச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆனால் மேட்டு நாட்டுக்கும் தமிழ் நாட்டுக்கும் கால்நடையாகப் போய் வந்த பழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு அது நல்ல குறிப்பு.

நடந்து போகும் சமணத் துறவியருக்கு மூன்று விதிகள் உண்டு. இருட்டிய பின் நடக்கக் கூடாது. மழைக்காலம் நான்கு மாதமும் ஓரிடத்தில் தங்கிவிட வேண்டும். பகலிலும் கண்ணெதிரே நான்கு முழ நிலத்தைப் பார்த்து, உயிர் ஏதும் மிதிபடாமல் அடி வைக்க வேண்டும். இதைத் துறவு நெறி என்று மட்டும் எண்ணியிருந்தேன். திம்பத்தில் இரவுத் தடை வந்த பிறகுதான், காட்டு வழிக்கும் இதே விதிகள் எவ்வளவு பொருந்துகின்றன என்று தோன்றியது.

தண்டநாயகன் கோட்டை

14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தக் காட்டின் இரு பக்கமும் ஒரே குடும்பத்தின் ஆட்சியில் இருந்தது. குண்டலுப்பேட்டைக்கு அருகில் உள்ள தெரகணாம்பி அவர்களின் தலைமை இடம். பெருமாள் தண்டநாயகன், அவன் மகன் மாதவ தண்டநாயகன் ஆகியோர் ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளனுக்குக் கீழ்ப்பட்டு ஆண்டவர்கள். நீலகிரியை அடக்கியதைக் குறிக்கும் நீலகிரி சாதாரன் என்ற பட்டம் இவர்களுக்கு உண்டு. பந்திப்பூருக்குப் பக்கத்தில் ஹிமவத் கோபாலசுவாமி மலை மேல் இருக்கும் கோயில் மாதவ தண்டநாயகன் காலத்தது. மலைக்குக் கீழே, பவானியும் மோயாறும் கூடுமிடத்தில் இருந்த கோட்டைக்குத் தண்ணாயக்கன் கோட்டை என்று பெயர். தண்டநாயகன் என்பதுதான் மக்கள் வாயில் தண்ணாயக்கன் ஆயிற்று. அங்கே மாதவப் பெருமாளுக்கு ஒரு கோயிலும் இருந்தது.

மேலே ஒரு கோயில், கீழே ஒரு கோட்டை, நடுவில் காடு. இன்றைய வரைபடத்தில் அந்தக் காட்டுக்குள் மாநில எல்லை ஓடுகிறது. அன்றைக்கு அது எல்லை இல்லை. ஒரு வீட்டின் முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் நடுவில் இருக்கும் முற்றம் மாதிரி இருந்தது.

அந்தக் கோட்டையைத் தேடிப் போனால் இப்போது பார்க்க முடியாது. 1948ல் தொடங்கி 1955ல் முடிந்த பவானிசாகர் அணையின் நீருக்குள் அது போய்விட்டது. கடும் கோடையில் நீர்மட்டம் மிகவும் இறங்கும் ஆண்டுகளில் கோயிலின் கல் மண்டபம் வெளியே தெரியும். பக்கத்து ஊர்க்காரர்கள் போய்ப் பார்த்து வருவார்கள். கிழக்கே மூன்றாவது வழியின் வாசலான காவேரிபுரமும் இன்று 1934ல் முடிந்த மேட்டூர் அணையின் நீர்த்தேக்கக் கரையில் இருக்கிறது. இரண்டு பெருவழிகளின் வாசலிலும் இப்போது தண்ணீர் நிற்கிறது.

படை போட்ட திட்டம்

பயணத் திட்டம் என்றால் என்ன என்பதற்கு இந்த வழியிலேயே ஒரு பெரிய பாடம் உண்டு. 1790ல் ஆங்கிலேயருக்கும் திப்பு சுல்தானுக்கும் மூன்றாம் மைசூர்ப் போர். சென்னைப் படையின் தலைவர் ஜெனரல் மெடோஸ். அவர் திட்டம் காகிதத்தில் மிக நேர்த்தியானது. கரூர், ஈரோடு, கோயம்புத்தூர் என்று கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடிப்பது, அவற்றில் தானியத்தையும் மருந்தையும் சேமிப்பது, கடைசியில் சத்தியமங்கலத்திலிருந்து கஜலஹட்டிக் கணவாய் ஏறி மைசூர்ச் சீமைக்குள் நுழைவது. கர்னல் ஃப்ளாயிட் தலைமையில் ஒரு படை சத்தியமங்கலத்தில் காத்திருந்தது.

இவர்கள் ஏறுவதற்கு முன்னால் திப்பு இறங்கிவிட்டார். செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து புறப்பட்டு அதே கணவாய் வழியாக வந்து, 13ஆம் தேதி சத்தியமங்கலத்தருகே ஃப்ளாயிடின் படை மீது பாய்ந்தார். ஆங்கிலப் படை பீரங்கிகளையும் சேமிப்பையும் விட்டுவிட்டுக் கோயம்புத்தூர்ப் பக்கம் பின்வாங்கியது. அடுத்த ஆண்டு கார்ன்வாலிஸ் பொறுப்பேற்றபோது இந்தக் காட்டு வழியையே தொடவில்லை. வடக்கே சுற்றி, மொகிலி கணவாய் ஏறி, 1791 மார்ச்சில் பெங்களூரைப் பிடித்தார்.

மலை வழியை ஏறுபவன் மட்டும் பார்ப்பதில்லை. மேலே இருப்பவனும் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த வழியில் பிறந்து வளர்ந்தவனுக்கு இருக்கும் அறிவு, வரைபடம் வைத்திருப்பவனுக்கு வராது. இன்றைக்குக் கைபேசியில் வழி பார்த்துக்கொண்டு, நீலக் கோடு காட்டுகிறதே என்று மண் பாதையில் வண்டியைத் திருப்பும் நம் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

1799ல் திப்பு வீழ்ந்தார். கோயம்புத்தூர்ச் சீமை கம்பெனிக்குப் போயிற்று, மேட்டுநிலம் உடையார்களிடம் திரும்பிற்று. மறு ஆண்டே, 1800ல், கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் ஆணைப்படி பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூரைச் சுற்றிப் பார்த்து, காவேரிபுரம் கணவாய் வழியாகக் கொங்குக்கு இறங்கினார். அவருடைய நூல் 1807ல் மூன்று பெரிய பாகங்களாக லண்டனில் வெளிவந்தது. எந்த ஊரில் என்ன விளைகிறது, யார் நெய்கிறார்கள், எங்கே சுங்கம் வாங்குகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதியவர் அவர். போகிற வழியில் ஆட்களிடம் உட்கார்ந்து பேசியதால்தான் இருநூறு ஆண்டு கழித்தும் அந்த நூல் பயன்படுகிறது.

வணிகர்கள் போன விதமும் இப்படித்தான். பொதிமாட்டின் மேல் உப்பும் துணியும் ஏறும். மேலிருந்து தானியமும் பாக்கும் இறங்கும். தனி ஆளாக யாரும் கணவாயில் கால் வைப்பதில்லை. அடிவாரத்தில் காத்திருந்து கூட்டம் சேர்ந்த பின்பே ஏறுவார்கள். 1980களில் நான் லாரியில் போகத் தொடங்கியபோதும் இந்தப் பழக்கத்தின் மிச்சம் இருந்தது. பண்ணாரியில் வண்டியை நிறுத்தி, அம்மனைக் கும்பிட்டு, முன்னும் பின்னும் இரண்டு வண்டி சேர்ந்த பிறகே டிரைவர் ஏற்றத்தைத் தொடுவார். "தனியா ஏறாதீங்க சேட்டு" என்பார்கள். நான் சேட்டு இல்லை, தமிழ் நயினார் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் பாதி மலை ஏறிவிடுவோம்!

பெருவழி காடான கதை

இப்படி ஓயாது ஆள் நடந்த வழி எப்படி ஆளரவமற்ற காடாயிற்று?

முதலில், சுமை வேறு பக்கம் போயிற்று. இரயில் வந்தபோது மைசூர் லைன் நஞ்சன்கூடு வழியாகச் சாம்ராஜ்நகரோடு நின்றது. அங்கிருந்து சத்தியமங்கலத்துக்கு நீட்டும் யோசனை பல முறை எழுந்தும், காட்டைக் காரணம் காட்டிக் கைவிடப்பட்டது. மோட்டார் வண்டிக்குத் திம்பம் சாலை வந்ததும் கஜலஹட்டியின் தேவை குறைந்தது. அதன் அடிவாரக் கோட்டை அணை நீரில் மூழ்கியதும் அந்தப் பெயரே நம் பேச்சிலிருந்து மறைந்தது.

அடுத்தது எல்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை கொள்ளேகாலம் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அன்று அது மைசூர் மாநிலத்துக்குப் போயிற்று. தாளவாடி தமிழ் நாட்டோடு நின்றது. தாளவாடியில் இன்றும் இரண்டு மொழியும் வீட்டு மொழிதான். கடைக்காரர் ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார். கேட்க எனக்கு அவ்வளவு இன்பமாக இருக்கும்.

மூன்றாவது அச்சம். 1980களின் இறுதியிலிருந்து 2004 அக்டோபர் 18ஆம் தேதி வீரப்பன் கொல்லப்படும் வரை இந்தக் காட்டின் பெயரே அவன் பெயராக இருந்தது. 2000 ஜூலை 30 இரவு தாளவாடிக்கு அருகில் கஜனூரில் நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டார். நவம்பர் 15 அன்று விடுவிக்கப்படும் வரை 108 நாட்கள். அந்த நாட்களில் கர்நாடகத் தமிழர் வீடுகளில் எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தைப் பார்த்தவர்கள் நாம். அவர் நலமாகத் திரும்ப வேண்டும் என்று நாங்கள் வேண்டிக்கொண்டதில் அவர் மேல் வைத்த அன்பும் இருந்தது, எங்கள் பிள்ளைகளைப் பற்றிய கவலையும் இருந்தது.

அந்தப் பதினைந்து ஆண்டுகளில் அதிகம் அடிபட்டவர்கள் காட்டுக்குள் இருந்த சோளகர் மக்கள். தேடுதல் என்ற பெயரில் அவர்கள் பட்ட துன்பத்தை ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' நாவல் 2004ல் வெளி உலகுக்குக் காட்டியது. நாம் ஆளில்லாத காடு என்று சொல்வதை அவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஒவ்வொரு மேட்டுக்கும் ஓடைக்கும் அவர்களிடம் பெயர் உண்டு. பிளிகிரிரங்கன் மலையில் உள்ள பெரிய சண்பக மரம், தொட்ட சம்பிகே, அவர்களுக்குக் கோயில். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி 2011ல் அம்மலைச் சோளகருக்குச் சமுதாய வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகத்தின் உள்ளே வாழும் மக்களுக்கு அத்தகைய உரிமை கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை என்பர்.

கடைசியாகச் சட்டம் வந்தது. 1973ல் பந்திப்பூர் நாட்டின் முதல் ஒன்பது புலிகள் காப்பகங்களில் ஒன்றாயிற்று. முதுமலை 2007லும், பிளிகிரிரங்கன் மலை 2011லும், சத்தியமங்கலம் 2013லும் சேர்ந்தன. அச்சத்தால் ஆள் நுழையாமல் இருந்த காட்டில் மரமும் விலங்கும் தழைத்ததையும் நாம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தக் கணக்கிலும் வரவும் செலவும் சேர்ந்துதான் வரும்.

இன்றைய விதிகள்

இப்போது பிள்ளைகளின் கேள்விக்கு வருகிறேன். "காட்டுக்குள்ள ஜீப் ஓட்டலாமா?"

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் யார் நுழையலாம் என்று வரையறுக்கிறது. அனுமதி இல்லாமல் நுழையலாம் என்று சொல்லப்பட்ட சிலரில், பொது நெடுஞ்சாலை வழியாகக் கடந்து செல்பவரும் அடக்கம். ஆக, சாலையில் இருக்கும் வரை நீங்கள் வழிப்போக்கர். சாலையை விட்டுச் சக்கரத்தை இறக்கினால் அத்துமீறியவர். அபராதம், வழக்கு, வண்டி பறிமுதல் எல்லாம் பின்னால் வரும். தார் இல்லாத பாதையில் தன் வண்டியைத் தானே ஓட்டும் ஆசை உள்ளவர்கள், காப்பகத்துக்கு வெளியே உரிமையாளர் சம்மதத்தோடு தோட்ட நிலங்களில் ஓட்டிப் பார்க்கலாம். காப்பகத்துக்குள் வேண்டாம்.

பந்திப்பூரில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. 2010ல் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. திம்பம் பாதையில் 2022 பிப்ரவரி முதல் சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி இரவுத் தடை. சரக்கு லாரிகளுக்கு நேரமும் எடையும் தனிக் கணக்கு. எங்கள் வியாபாரத்துக்கு இதனால் வண்டி வாடகை ஏறியது உண்மை. மண்டிக்காரர்கள் கூடிப் பேசியபோது நானும் போயிருந்தேன். ஆனால் இரவில் விளக்கு வெளிச்சத்தில் கண் கூசி நடுரோட்டில் நின்றுவிடும் மானைப் பார்த்தவன் நான். தடை கூடாது என்று அங்கே என்னால் வாதாட முடியவில்லை.

காராப்பள்ளம் சோதனைச் சாவடிப் பக்கம் கரும்பு லாரிக்காக யானை காத்து நிற்பதைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். ஓட்டுநர்கள் இரக்கத்தில் வீசிய கரும்புதான் அதைச் சாலைக்குப் பழக்கியது. வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் சாலைக்குப் பழகிய யானைக்கு ஆயுள் குறைவு. 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு காட்டு யானை மேல் எரியும் டயரை வீசி, அந்தக் காயத்தால் அது இறந்ததை நாடே பார்த்துப் பதறியது. அதற்கு முந்தைய அக்டோபரில்தான் சீகூர் யானை வழித்தடத்தை உச்சநீதிமன்றம் உறுதி செய்திருந்தது. நம் பெருவழி நம் மறதியில் போயிற்று. யானை தன் வழியை மறப்பதில்லை.

அனுமதி என்பது வெறும் காகிதம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் போன இளைஞர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரும் பற்றி எரிந்தது. பிப்ரவரி முதல் மே வரை காட்டு அதிகாரி 'வேண்டாம்' என்றால், அதற்கு மேல் பேச்சு இல்லை.

நான் சொல்லும் இரண்டு நாள்

அதனால் குடும்பத்தோடு போக விரும்புவோருக்கு நான் எழுதிக் கொடுக்கும் வழி இது.

முதல் நாள் காலை மைசூரில் புறப்பட்டு நஞ்சன்கூடு, அங்கிருந்து சாம்ராஜ்நகர். புணிசன் எழுப்பிய பஸதியில் அரைமணி நேரம். பிறகு அதே தாலுகாவில் மலெயூரில் கனககிரி. பூஜ்யபாத முனிவரோடு சமண மரபு சேர்த்துச் சொல்லும் சிறு குன்று அது. மேலே ஏறினால் தெற்கே காட்டு மலைகளின் வரிசை தெரியும். காட்டைப் பார்க்க ஆசையுள்ளவர்கள் அன்று மாலை பிளிகிரிரங்கன் மலையில் தங்கலாம். வனத்துறை சம்பந்தப்பட்ட ஜீப் சவாரி நடக்கும் காலமா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மண் பாதையில் போகும் ஆசை அதிலேயே தீரும். ஓட்டுபவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர். அவரைப் பேசவிட்டுக் கேளுங்கள். மேற்குப் பக்கம் போகிறவர்கள் தெரகணாம்பியும் ஹிமவத் கோபாலசுவாமி மலையும் பார்க்கலாம். அங்கே சொந்த வண்டி மேலே போகாது, அடிவாரத்தில் அரசுப் பேருந்து ஏற வேண்டும்.

இரண்டாம் நாள் வெளிச்சம் வந்த பின் புணஜனூர், ஆசனூர், திம்பம். காட்டுக்குள் வண்டியை நிறுத்தாதீர்கள், இறங்காதீர்கள், எதையும் வீசாதீர்கள். இறக்கத்தில், ஏறுவதற்கு எந்த கியர் தேவையோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். வளைவில் ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். டீசல் சாம்ராஜ்நகரிலேயே நிரப்புங்கள். ஸ்டெப்னியில் காற்று பாருங்கள். கைபேசி பல இடங்களில் எடுக்காது. எந்த நேரத்துக்குப் பண்ணாரி சேர்வீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். பண்ணாரியில் அம்மனைக் கும்பிட்டு, பவானிசாகர் அணையைப் பாருங்கள். அந்த நீருக்குள்தான் தண்ணாயக்கன் கோட்டை இருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நேரம் இருந்தால் விஜயமங்கலம் போய்ப் புள்ளப்பையின் கல்லையும் பார்த்துவிட்டு ஈரோட்டில் தங்குங்கள். இரவில் திரும்பி ஏற நினைக்க வேண்டாம், சாவடி மூடியிருக்கும்.

இந்தப் பாதை முழுவதும் தார் ரோடுதான். இதற்கு ஜீப் எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும். அண்ணனின் ஊரிலிருந்து தங்கையின் ஊர் வரை, பல நூறு ஆண்டு நடந்த வழியை இரண்டு நாளில் கடக்கிறோம் என்று தெரிந்து போனால், அந்தத் தார் ரோடே போதும்.

முடிவாக ஒரு வேண்டுகோள். மைசூருக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் இரயிலில் வந்தவை அல்ல. சில குடும்பங்கள் படையோடும், சில நெசவோடும், சில பொதிமாட்டோடும் மலை ஏறி வந்தவை. எந்தக் கணவாய் வழியாக உங்கள் முன்னோர் வந்தார்கள், எங்கே தங்கினார்கள், யார் வழி காட்டினார்கள் என்று வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, ஒரு பக்கமாவது எழுதிச் சங்கத்திடம் கொடுங்கள். கல்வெட்டுகளைத் தேடிப் போக ஆட்கள் இருக்கிறார்கள். பாட்டியின் நினைவில் இருப்பதைக் கேட்டு எழுத உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை.